லாஸ் ஆல்பத்துக்கு இரண்டாவது வட்டு கட்டாயம் வேண்டும்

லிவர்பூல் இசைக்குழுவான 'தி லாஸ்' வெளியிட்டது ஒரே ஒரு ஸ்டூடியோ ஆல்பம். 1990 அக்டோபரில் வந்தது. 12 பாட்டு, சுமார் 35 நிமிடம். அதன் மறுவெளியீடு பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் தூசிக் கதையைத்தான் எடுக்கிறார்கள். அறுபதுகளின் அசல் தூசி இல்லை என்று சொல்லி, பாடகர் லீ மேவர்ஸ், ஸ்டூடியோவில் ஒலிகளைக் கலக்கும் ஒரு பழைய மிக்ஸிங் மேசையை வேண்டாம் என்றாராம். நடந்ததோ இல்லையோ, அந்தக் கதையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஒருவர் தன் பாட்டுகளுக்காக வருஷக்கணக்காகப் பட்ட பாட்டை அது வெறும் கிறுக்குத்தனமாக்கிவிடுகிறது.

அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. ஸ்டோன் ரோஸஸ் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்த ஜான் லெக்கி, பிறகு மைக் ஹெட்ஜஸ், கடைசியாக ஸ்டீவ் லில்லிவைட் என்று தயாரிப்பாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். குழுவிலும் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். ஆல்பத்தை வெளியிட வேண்டிய கோ டிஸ்க்ஸ் இசை நிறுவனம் பொறுமை இழந்து, லில்லிவைட்டிடம் இருந்த பதிவுகளை முடித்து வெளியிட்டுவிட்டது. மேவர்ஸோ தன் ஆல்பம் தனக்கே பிடிக்கவில்லை என்று பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னார். பேஸ் வாசித்த ஜான் பவர் விலகிப் போய் 'காஸ்ட்' குழுவைத் தொடங்கினார். மேவர்ஸிடமிருந்து அடுத்த ஆல்பம் வரவே இல்லை.

2001இல் சில கூடுதல் பாட்டுகளோடு ஒரு மறுவெளியீடு வந்தது. அது பரவாயில்லை ரகம். 2008இல் வந்த இரட்டை வட்டுப் பதிப்புதான் முக்கியம். அதன் இரண்டாவது வட்டில், வெளியிடாமல் கிடப்பில் போட்ட ஹெட்ஜஸ் பதிவு இருக்கிறது. பொதுவாக மறுவெளியீடு என்றால் டெமோ, வானொலிப் பதிவு, மேடைப் பதிவு என்று கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போடுவார்கள். ஒருமுறை கேட்டால் சரி, மறுபடி தொடமாட்டோம். இங்கே அதே பாட்டுகள் வேறொரு கையில் எப்படி இருந்தன என்பதை நாமே கேட்டுத் தீர்மானிக்க முடிகிறது.

முதல் வட்டில் லில்லிவைட் செய்ததில் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. கிட்டார்கள் தெளிவாகப் பிரிந்து கேட்கின்றன, குரல் முன்னால் நிற்கிறது. ஹெட்ஜஸ் பதிவில், என் காதுக்கு, நாலு பேர் ஒரே அறையில் நின்று வாசிக்கும் முரட்டுத்தனம் இருக்கிறது. தாளம் இன்னும் இறுக்கம். இதைக் கேட்ட பிறகு மேவர்ஸின் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் நிறுவனம் 1990இல் வெளியிட்டது சரிதான் என்பேன். அவருக்குத் திருப்தி வரும்வரை காத்திருந்தால் நமக்கு எதுவுமே கிடைத்திருக்காது. அந்தப் பாட்டுகள் எந்தப் பதிவிலும் தாங்கி நிற்கும். 'தேர் ஷி கோஸ்' ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சரணம் என்று ஒன்று கிடையாது. பல்லவியே சுற்றிச் சுற்றி வருகிறது, நடுவில் சின்னதாக ஒரு திருப்பம், மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. 1988இல் முதலில் வந்தபோது அவ்வளவாக எடுபடவில்லை. 1990இல் மறுபடி வெளியிட்டபோது பிரிட்டிஷ் பட்டியலில் 13ஆம் இடத்துக்கு வந்தது. அமெரிக்காவின் 'சிக்ஸ்பென்ஸ் நன் த ரிச்சர்' குழு அதையே பாடி ஹிட் ஆக்கியபோதும் மெட்டு அசையவில்லை. ஆனால் இந்த ஒரு பாட்டோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். கடைசிப் பாட்டான 'லுக்கிங் கிளாஸ்' கிட்டத்தட்ட எட்டு நிமிடம் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறிக்கொண்டே போகும். அதைக் கேட்காமல் இந்தக் குழுவைப் பற்றி முடிவு கட்டாதீர்கள்.

இனி யார் இந்த ஆல்பத்தை மறுபடி அச்சிட்டாலும் ஹெட்ஜஸ் பதிவையும் சேர்த்தே தரவேண்டும். முதல் வட்டை மட்டும் புதிதாக மெருகேற்றி, புது அட்டை போட்டு விற்பது பாதி வேலை. வாங்க நினைப்பவர்கள் 2008 பதிப்பைத் தேடுங்கள். முதல் வட்டை நன்றாகப் பழகிக்கொண்டு, அப்புறம் இரண்டாவதுக்குப் போங்கள்.