ஐந்து நிமிட ஐடில் போதாது

"காரை வெளியே எடுக்காவிட்டாலும் தினமும் 5 நிமிடம் ஐடிலில் (நின்ற இடத்திலேயே இன்ஜினை மட்டும்) ஓடவிட்டால் பேட்டரி ஃபுல்லாகவே இருக்கும்" என்று சொல்வது சரியில்லை. ஐடிலில் ஆல்டர்நேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) தரும் மின்சாரம் குறைவு. ஏசியும் ஹெட்லைட்டும் போட்டிருந்தால் பெரும்பகுதி அதற்கே போய்விடும். காரில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரியோ மெதுவாகத்தான் சார்ஜ் ஏற்கும்.

நானும் இப்படித்தான் தினமும் உறுமவிட்டேன், பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம் போனதுதான் மிச்சம். ஒரு நாள் காலை பேட்டரியில் மல்டிமீட்டரை (வோல்டேஜ் அளக்கும் கருவி) வைத்தால் 12.2 வோல்ட், அதாவது ஏறக்குறைய பாதி சார்ஜ். இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து 12.6 காட்டினால்தான் ஃபுல். வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுங்கள். வெளியூர் போய்விட்டால் பேட்டரியின் நெகட்டிவ் (−) டெர்மினலில் இருக்கும் வயரைக் கழற்றிவிடலாம். அப்புறம், வரும்போது கடிகாரத்தைத் திரும்ப செட் பண்ண வேண்டியிருக்கும்.