ஆடி, மார்கழியை ஆல்பம் வேலைக்கே கொடுத்துவிடாதீர்கள்

கல்யாண ஆர்டர் போக மிச்ச நேரத்தில் நமக்கென்று படம் எடுக்கலாம் என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் போட்டோகிராபர்கள் பலர் நம்புகிறார்கள். மிச்சம் வராது. முகூர்த்தம் முடிந்தால் எடிட்டிங், ஆல்பம் திருத்தம், மறுபடி முகூர்த்தம். கல்யாணம் இல்லாத ஆடியையும் மார்கழியையும் பாக்கி வேலை தின்றுவிடுகிறது. ஆனிக் கடைசிக் கல்யாணத்தின் ஆல்பம் ஆடியில்தான் முடியும், சரி. ஆனால் காலை பத்து மணி வரை சொந்தப் படம், அதன்பிறகே கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் வாங்கும்போதே அதற்கேற்ற கெடு சொல்லுங்கள்.

கல்யாண வீட்டிலேயே நடுவில் நாலு படம் எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவைப் படியுங்கள். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். முகப்பில் உட்கார்ந்திருந்த ஆச்சியை எவ்வளவு அழகாக எடுத்திருந்தாலும் கண்காட்சியில் வைக்கும் உரிமை உங்களிடம் இருக்காது. வேண்டுமானால் அட்வான்ஸ் வாங்கும்போதே அதற்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆச்சியிடமும் தனியாகக் கேளுங்கள்.

ஒரே செட்டிநாட்டு வீட்டில்கூட கல்யாணப் படத்துக்கும் சொந்தப் படத்துக்கும் முறை வேறு. வெயில் விழும் வளவுக்கும் (நடு முற்றம்) நிழலான தாழ்வாரத்துக்கும் நாலைந்து ஸ்டாப் வித்தியாசம் வரும்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. கல்யாணத்தில் பிளாஷை வெள்ளைச் சுவரில் அடித்துத் திருப்பலாம். தேக்கு மச்சில் (மரக்கூரை) அடித்தால் பாதி வெளிச்சத்தை மரமே குடித்துவிடும், திரும்பி வருவதும் பழுப்பாக வந்து முகத்தைக் கெடுக்கும். சொந்தப் படத்துக்குப் பிளாஷே வேண்டாம். டியூப் லைட்டை அணையுங்கள், ட்ரைபாட் போடுங்கள், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ஷட்டர் அரை வினாடியோ ஒரு வினாடியோ போகட்டும். கலர் கண்ணாடி ஜன்னல் இருந்தால் வெள்ளைச் சமநிலையை 5500 கெல்வினில் நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால், எதற்காகப் படம் எடுக்கிறோமோ அந்த நிறத்தையே கேமரா கழுவப் பார்க்கும்.

ஒரு ஆடிக்கு ஒரே விஷயம் போதும். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பலகை, அதன்மேல் இரும்பு அச்சு, கட்டம் கட்டமாக ஊற்றும் கலர் சிமெண்ட் குழம்பு, மேலே உலர்ந்த கலவை, பிறகு மணலும் சிமெண்டும், அப்புறம் தண்ணீர்த் தொட்டி. சூளையே கிடையாது. கல்யாண வேகத்தில் போனால் பத்து நிமிஷத்தில் ஊற்றும் கையை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவோம். ஷட்டர் 1/250 வினாடியில் குழம்பின் இழை நிற்கும். 1/15இல் அச்சு அசையாமல் இருக்க, கை ஓடுவது தெரியும். இரண்டையும் எடுத்துப் பார்த்துத்தான் எது வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். 35 அல்லது 50 எம்.எம். லென்ஸ் ஒன்றே போதும். ஆடிக்காற்றில் சிமெண்ட் தூசு பறக்கும், உள்ளே நின்று லென்ஸ் மாற்றினால் சென்சாரில்தான் போய் உட்காரும்.

மார்கழிக்கு என்ன எடுக்கலாம்? நகரத்தார் வீடுகளின் பிள்ளையார் நோன்பு பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் வரும். மாவில் நூலிழைத் திரி வைத்து ஏற்றி வாயில் போட்டுக்கொள்ளும் அந்த இழை எடுப்பது குடும்பத்துக்குள் நடப்பது. முன்கூட்டியே கேட்டு, சரி என்றால் மட்டும் போங்கள்.

கல்யாண ஆல்பத்துக்குப் போடும் பிரீசெட்டை (நிறத்தை ஒரே அடியில் மாற்றும் ரெடிமேட் அமைப்பு) தயவுசெய்து இந்தப் படங்களில் போடாதீர்கள். ஆத்தங்குடிச் சிவப்பும் பச்சையும் எல்லா ஊர் ரிசப்ஷன் மேடை மாதிரி ஆகிவிடும். மெமரி கார்டும் ஃபோல்டரும் தனியாக இருக்கட்டும். மாதக் கடைசியில் பத்துப் படம் தேர்ந்தெடுத்து, ஆல்பம் போடும் அதே லேபில் 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போடுங்கள். முதல் பிரிண்ட் பட்டறைக்காரருக்கு, முகநூல் அதற்கப்புறம்.