உறைந்துபோகும் கால்களைப் பற்றியும் எழுதுங்கள்

பார்க்கின்சன் நோய் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, அந்த நோய் என்றாலே கை நடுக்கம்தான் என்பதுபோல் முடிந்துவிட்டது. எங்கள் அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 40 வருடம் வெள்ளிக் கொலுசு வேலை செய்தவர். கை சும்மா மடியில் கிடக்கும்போதுதான் நடுங்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி. கொலுசின் திருகாணியைப் பிடித்தால் நடுக்கம் நின்றுவிடும். அதனாலேயே 2 வருடம் நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை, கால் உறைந்துபோவது. நிலைப்படிக்கு வந்ததும் பாதம் தரையில் ஒட்டினாற்போல் நின்றுவிடுவார். மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா நம் அசைவுகளுக்கு எப்போதும் பிரேக் பிடித்தபடி இருக்கிறது. வேண்டிய அசைவுக்கு மட்டும் அதைத் தளர்த்த டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் தேவை. அதைச் சுரக்கும் செல்கள் அழிய அழிய பிரேக் விடுவதில்லை. டாக்டர் சொன்னபடி தரையில் அடிக்கு ஒன்றாக வெள்ளை டேப் ஒட்டினோம். கோட்டைத் தாண்டுங்கப்பா என்றால் தாண்டிவிடுகிறார்! கண்ணால் பார்த்து எடுத்துவைக்கும் அடிக்கு மூளை வேறு பாதையைப் பிடித்துக்கொள்கிறது.

அப்புறம், மூளைக்குள் போய் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரையைப் பருப்பு, முட்டை, பாலோடு சேர்த்துக் கொடுத்தால் பலருக்குச் சரியாக வேலை செய்யாது. நேரத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நின்றுவிட்டவரைப் பின்னாலிருந்து மட்டும் தள்ளாதீர்கள், விழுந்துவிடுவார்.