துபாஷி வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர்

துபாஷி என்பவர் ஐரோப்பியருக்குப் பேச்சை மொழிபெயர்த்துச் சொன்ன கூலியாள் மட்டுமே என்று ஒரு கருத்து பரவி வருகிறது. இது சரியன்று.

இரு மொழி அறிந்தவர் என்னும் பொருள்தரும் வடசொல்லிலிருந்து இச்சொல் வந்தது உண்மையே. ஆனால், சென்னையிலும் புதுச்சேரியிலும் 18-ஆம் நூற்றாண்டில் அது முதன்மையாக வணிக இடையாளரையே குறித்தது. துணிக் கொள்முதலுக்கு வணிகர்களிடம் விலை பேசுவதும், முன்பணம் கைமாறுவதைக் கவனிப்பதும், கடனுக்கு வழிசெய்வதும், பல வேளைகளில் தம் சொந்த முதலையே போடுவதும் அவர் வேலையாயின.

புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, தமக்கெனக் கப்பல் வைத்துக் கடல்வணிகம் செய்தவர். அவர் 1736 முதல் தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பில் சரக்கு, விலை, பாக்கி, கப்பல் வரவு ஆகியவை தொடர்ந்து பேசப்படுகின்றன. சென்னையில் துபாஷியாகப் பெருஞ்செல்வம் ஈட்டிய பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற பொருளால் பின்னாளில் கல்வி நிறுவனங்களே எழுந்தன. மொழிபெயர்ப்புக் கூலியால் மட்டும் அத்தகைய செல்வம் சேர்ந்திருக்க முடியாது.

பழைய ஆவணங்களில் துபாஷி என்று வருமிடமெல்லாம் 'மொழிபெயர்ப்பாளர்' என்று மாற்றி எழுதினால், அம்மனிதர் ஏற்ற கடனும் பொறுப்பும் மறைந்துபோகின்றன.