இரண்டு நாள் பயிலரங்கு போதாது

மாற்றுத்திறனுள்ள சிறு குழந்தைகளின் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிலரங்கு போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. என் மகனுக்கு ஆட்டிசம். அவனுடைய முதல் ஆசிரியை அப்படி ஒரு பயிலரங்குக்குப் போய்வந்தவர்தான். குறைபாடுகளின் பெயர்களெல்லாம் தெரியும். ஆனால் அவன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டால் என்ன செய்வதென்று தெரியாது. அவர்மேல் தப்பில்லை, பக்கத்தில் நின்று யாரும் காட்டித் தரவில்லை.

அடுத்த ஆசிரியைக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. அனுபவமுள்ள ஒருவர் வாரம் ஒருமுறை வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பார், பிறகு அவரோடு பேசுவார். சில மாதங்களில் நிறைய மாறியது. அன்றைய வேலைகளைப் படங்களாகச் சுவரில் வரிசையாக ஒட்டினார்கள். அடுத்து என்ன என்று தெரிந்ததும் அவன் அழுகை குறைந்தது. கேள்வி கேட்டுவிட்டுப் பத்து நொடி பொறுத்திருக்கவும் அந்த ஆசிரியை பழகிக்கொண்டார். சின்ன விஷயம்தான், ஆனால் அந்த இடைவெளியில்தான் என் மகன் பதில் சொல்லத் தொடங்கினான்.

அப்புறம், பெற்றோரிடம் பேசவும் பயிற்சி வேண்டும். "இன்றைக்கும் கடித்துவிட்டான்" என்று வாசலில் எல்லார் முன்னாலும் கேட்டு நான் கூனிக்குறுகிய நாட்கள் உண்டு. "வீட்டில் அவனை எப்படிச் சமாதானப்படுத்துவீர்கள்?" என்று இரண்டாமவர் கேட்டபோது அழுதேவிட்டேன்.

ஐ.நா. 2006-ல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-வது பிரிவு, ஆசிரியர் பயிற்சியை அரசுகளின் கடமையாகவே சொல்கிறது. சரி, அப்படியானால் வகுப்பில் வந்து உட்காரும் அந்த வழிகாட்டிக்குச் சம்பளமும் அரசுதான் ஒதுக்க வேண்டும்.