கீழ்வீட்டில் உட்கார்ந்து கேட்ட பியானோ

எங்கள் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு தீர்மான வரைவு வந்தது. குடியிருப்புக்குள் இசைக்கருவிகள் வாசிக்கக் கூடாது, மீறினால் மாதப் பராமரிப்புத் தொகையோடு அபராதம் சேரும் என்று இரண்டே வரி. எங்கள் வீட்டுப் பியானோவை மனதில் வைத்து எழுதியதுதான் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். இந்தத் தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன். எதிர்க்கிற நான், எங்கள் பக்கம் நடந்த தவறையும் முழுசாகச் சொல்லியாக வேண்டும்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று வருடமாகக் கீபோர்டு படித்தாள். டிரினிட்டி கிரேடு பரீட்சையில் மேலே போகப் போக, 61 கட்டை கொண்ட சின்னக் கீபோர்டில் பழகினால் விரலுக்கு வலு வராது, அழுத்தினால் கனம் தெரிகிற கட்டைகள் வேண்டும் என்று மிஸ் சொல்லிவிட்டார். செகண்ட் ஹேண்டில் ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கினோம். 88 கட்டை. ஸ்டாண்டோடு அவள் படுக்கை அறையில் சுவரோரம் போட்டோம். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசிக்கலாம், யாருக்கும் தொந்தரவு இருக்காது என்று கடைக்காரரும் சொன்னார், நாங்களும் நம்பினோம். சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஏழரை வரை வாசிப்பாள்.

இரண்டாம் வாரமே கீழ்வீட்டு அக்கா மாடிப்படியில் பார்த்துக் கேட்டார். "பாப்பா சாயங்காலம் என்னமோ தட்டிக்கிட்டே இருக்காளே, என்னதும்மா?" நான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன்: "ஹெட்ஃபோன்லதான் அக்கா வாசிக்கிறா, சத்தமே வெளிய வராது." அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான்கு மாதம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததால் பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். என் காதில் விழாத ஒரு சத்தத்தைப் பற்றி, அதைக் கேட்கிறவரிடமே "வராது" என்று சொல்லியிருக்கிறேன். இந்த விவகாரத்தில் எனக்கு இன்னமும் உறுத்துவது அந்தப் பதில்தான்.

ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த அக்காவின் கணவர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், கதவைத் தட்டினார். தூக்கம் கலைந்து கண் சிவந்திருந்தது. கோபமாகப் பேசவில்லை. "ஒரு பத்து நிமிசம் கீழ வந்து எங்க ரூம்ல உக்காந்து பாரும்மா" என்று மட்டும் சொன்னார். மகளை வழக்கம்போல வாசிக்கச் சொல்லிவிட்டுப் போனேன்.

அவர்கள் படுக்கை அறை எங்கள் மகள் அறைக்கு நேர் கீழே. விளக்கை அணைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஸ்வரம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. டொக், டொக், டொக்டொக் என்று கட்டை இறங்கும் சத்தம் மட்டும் உச்சந்தலைக்கு மேலே விழுந்துகொண்டிருந்தது. பெடலை மிதிக்கும்போது தனியாக ஒரு அடி. அவள் ஒரு இடத்தில் தடுமாறி நிறுத்துவாள், மறுபடி முதலில் இருந்து தொடங்குவாள், அதே இடத்தில் மறுபடி நிற்பாள். பாட்டுக் கேட்டாலாவது எங்கே போகிறது என்று மனசு பின்தொடரும். பாட்டே இல்லாமல் தட்டல் மட்டும் வந்தால் ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை. அடுத்த அடி எப்போது என்று காத்திருக்கத்தான் முடிந்தது. ஐந்தாவது நிமிடத்தில் எனக்கே எழுந்து போகலாம் போல இருந்தது. அண்ணன் நான்கு மாதத்துக்கு மேலாக இதற்குக் கீழே படுத்திருக்கிறார்.

இதன் காரணத்தை அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கனமான கட்டை உள்ள டிஜிட்டல் பியானோவில், ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் போன்ற பாகம் அசைகிறது. அசல் பியானோவின் கனம் விரலுக்குத் தெரிவதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஹெட்ஃபோன் மாட்டினால் ஸ்பீக்கர் நிற்கும், இந்த அசைவு நிற்காது. அது ஸ்டாண்டின் கால் வழியாக டைல்ஸுக்கு, டைல்ஸில் இருந்து கான்கிரீட்டுக்கு, அங்கிருந்து கீழ்வீட்டுக் கூரைக்குப் போகிறது. காற்றில் வரும் சத்தத்தைச் சுவர் ஓரளவுக்குத் தடுக்கும். தரையைத் தட்டும் சத்தத்தைக் கான்கிரீட்டே சுமந்துகொண்டு போகும். மேல்வீட்டில் நாற்காலி இழுத்தால் நமக்கு எப்படிக் கேட்கிறதோ அதே கதைதான்.

சரி, சாயங்காலம் ஆறு மணிக்கு யார் தூங்குவார்கள் என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். அண்ணன் மதுரை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்குப் பார்க்கிறார். ராத்திரி பன்னிரண்டரைக்குக் கிளம்பினால் காலை பத்து மணிக்குத்தான் வீடு திரும்புவார். வீட்டு வேலை, வெளி வேலை எல்லாம் முடித்து மாலை ஐந்தரைக்குப் படுப்பார். நம் சாயங்காலம் அவருக்கு நடுராத்திரி.

தூங்கா நகரம் என்று மதுரையை நாம் பெருமையாகச் சொல்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கும் இட்லி கிடைக்கும், பரோட்டா கிடைக்கும், பஸ் கிடைக்கும். அந்த இட்லியை வேகவைத்தவர், பரோட்டா மாஸ்டர், பஸ்ஸை ஓட்டிவந்தவர், பூ மூட்டை இறக்கியவர், ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்த நர்ஸ், இவர்களெல்லாம் எப்போது தூங்குவார்கள்? பகலில், நம் அபார்ட்மெண்டுகளில், நம் தலைக்குக் கீழேயும் மேலேயும் தூங்குகிறார்கள். ஊர் விழித்திருப்பதற்கு அவர்கள் தூக்கம்தான் விலை. இதை நாற்பது வருடம் மதுரையில் வாழ்ந்த நான் இப்போதுதான் யோசித்தேன்.

சட்டம் இங்கே கொஞ்சம்தான் உதவும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45 டெசிபல் வரம்பு. தனியார் இடத்தில் வாசிக்கும் கருவியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. இதை வைத்துப் பார்த்தால் என் மகள் எந்த விதியையும் மீறவில்லை என்று நான் வாதாடியிருக்கலாம், ஜெயித்தும் இருக்கலாம். கீழே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வந்த பிறகு அப்படி வாதாட எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு வாதமும் குழுவில் வந்தது. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறார்கள், அதைப் பொறுத்துக்கொள்கிற நாம் ஒரு குழந்தை வாசிப்பதைப் பொறுக்கக் கூடாதா என்று. என் பக்கம் நின்று பேசிய வாதம், ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. திருவிழாச் சத்தத்துக்கு ஒரு கடைசி நாள் உண்டு. அது யாருடையது, எதற்கு என்று தெரியும், நாமும் அதில் ஒரு ஆள். சாதகம் என்கிற இசைப் பயிற்சி தினமும் வரும், முடியாத பாட்டாக வரும், பிழையோடு வரும். பிழையோடு வருவதுதான் சாதகம். அதனால் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை இசை பழகுவது, தேர்ந்தவர்கள் வாசிக்கும் கச்சேரியை விடக் கேட்கக் கஷ்டமானது. பெற்றவர்கள் நாம் இதை ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

மேல அனுமந்தராயன் கோவில் தெருவையும் ஒருவர் இழுத்துவிட்டார். எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-இல் பிறந்த மதுரை இது, அம்மா சண்முகவடிவு வீணை வாசித்த வீட்டில் வளர்ந்தவர், அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. நல்ல எண்ணத்தில் எழுதியிருந்தார். ஆனால் நம் பிள்ளை நாளைக்குப் பெரிய ஆளாகிவிடும் என்று சொல்லி இன்றைக்கு இன்னொருத்தர் தூக்கத்தைக் கேட்க முடியாது. என் மகள் பெரிய கலைஞர் ஆகப்போவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவளுக்கு வாசிக்க உரிமை உண்டு. பெரிய ஆளாகாத பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் நான் கேட்கிறேன்.

ஜெர்மனியில் இப்படி ஒரு வழக்கு உச்ச நிலை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வீட்டில் டிரம்பெட் வாசித்த ஒருவர் மேல் பக்கத்து வீட்டார் போட்ட வழக்கு. 2018 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. வீட்டில் கருவி வாசிப்பது சாதாரண வாழ்க்கையின் ஒரு பகுதி, அடியோடு தடை செய்ய முடியாது. அதே நேரம் வார நாட்களில் இரண்டு மூன்று மணி நேரம், ஞாயிறு, விடுமுறை நாட்களில் ஒன்றிரண்டு மணி நேரம் என்பது பொதுவான அளவாக இருக்கலாம், வீட்டின் அமைப்பையும் பக்கத்து வீட்டார் நிலைமையையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றது. எனக்கு இதில் பிடித்தது, தடை வேண்டாம் என்றதோடு நிறுத்தாமல் மணிக்கணக்கு வரை இறங்கிப் பேசியதுதான்.

ஜப்பானில் நடந்ததைச் சொல்லவே மனசு கனக்கிறது. 1974-இல் ஹிரட்சுகா என்ற ஊரில், அடுக்குமாடிக் குடியிருப்பில், கீழ்வீட்டுப் பியானோ சத்தத்தில் மனசு வெறுத்துப்போன ஒரு ஆள் அந்த வீட்டுத் தாயையும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளையும் கொன்றுவிட்டான். எந்தச் சத்தமும் அதற்கு நியாயம் ஆகாது. அந்த நாட்டில் குடியிருப்புச் சத்தம் பற்றிய பேச்சே அதற்குப் பிறகு மாறிப்போனது. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு அக்காவின் அந்த நான்கு மாத மௌனம்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் அண்ணன் கதவைத் தட்டிக் கூப்பிட்டார். எல்லோரும் தட்டுவார்கள் என்று சொல்ல முடியாது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். பியானோவை மகள் அறையில் இருந்து ஹாலுக்கு, அவர்கள் சமையலறைக்கு மேலே வருகிற மூலைக்கு மாற்றினோம். கீழே தடித்த ரப்பர் மேட் இரண்டு அடுக்கு, அதன் மேல் ப்ளைவுட் பலகை, அதன் மேல் ஸ்டாண்ட். மேட்டை விட இடம் மாற்றியதுதான் அதிகம் உதவியது என்று அண்ணன் சொல்கிறார். வாசிக்கும் நேரத்தைச் சாயங்காலத்தில் இருந்து காலை ஆறேகால் முதல் ஏழேகால் வரை என்று மாற்றினோம், அப்போது அவர் மார்க்கெட்டில் இருப்பார். மகளுக்கு விடியற்காலை எழுவது முதல் மாதம் பெரும் பாடாக இருந்தது. அவருக்கு லீவு நாள் என்றால் முந்தின நாளே அக்கா சொல்லிவிடுவார், அன்றைக்கு வாசிப்பு கிடையாது. பரீட்சைக்கு முந்தைய பத்து நாள் மதியம் கூடுதலாக அரை மணி நேரம் கேட்டோம், கொடுத்தார்கள். பக்கத்துச் சுவர் வீட்டிலும் மேல்வீட்டிலும் போய் உட்கார்ந்து கேட்டேன். மேல்வீட்டில் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் பெடல் சத்தம் மட்டும் லேசாக வந்தது, பெடலுக்கு அடியிலும் ஒரு துண்டு மேட் வைத்தோம்.

அண்ணனுக்கு இப்போது பியானோ பிடித்துவிட்டதா என்றால், இல்லை. "எனக்கு இதெல்லாம் ஆகாதும்மா. எப்ப வரும், எப்ப நிக்கும்னு தெரிஞ்சாப் போதும்" என்றார். அவருக்குப் பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

அதனால்தான் இந்தத் தீர்மானம் வேண்டாம் என்கிறேன். தடை போட்டால் மூன்றாவது மாடியில் மிருதங்கம் பழகும் தம்பியும், வீணை வாசிக்கும் டீச்சரம்மாவும் நாளைக்கு நிறுத்த வேண்டியிருக்கும். அதற்குப் பதில் இரண்டு விஷயம் எழுதலாம். கருவி வாசிக்கும் வீட்டார் முதல் மாதத்திலேயே கீழே, மேலே, பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அந்த வீடுகளோடு பேசி நேரம் குறிக்க வேண்டும். சத்தம் பொறுக்க முடியாதவர் குழுவில் போடும் முன் அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

தீர்மானத்தின் மேல் ஓட்டெடுப்பு வருகிற ஞாயிறு மாலை ஆறு மணிக்கு என்று செக்ரட்டரி சார் அறிவித்திருக்கிறார். அது அண்ணன் தூங்கும் நேரம். அவர் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு மாற்றச் சொல்லி இன்று தனியாக ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.