பெரியப்பா தூங்கட்டும்

ஆமாம், ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது நான்தான். பார்க்க வந்தவர்களை உள்ளே விடவில்லை என்று மூன்று நாளாகக் குடும்பக் குழுவில் ஓடுவதையெல்லாம் படித்துவிட்டேன். "நாலு எழுத்துப் படித்த திமிர்" என்று எழுதிய அத்தானுக்கு முதல் வணக்கம்.

மாரடைப்பு வந்து, அடைத்த ரத்தக் குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் வைத்து, வீடு திரும்பி ஐந்தாம் நாள். மனிதர் அசந்து தூங்குகிறார். வெளியே ஆனித் தேரோட்டம் போலக் கூட்டம். "திசையன்விளைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறோம், எழுப்பு, ஒரு எட்டு முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறோம்." முகம் தூங்கும்போதும் அங்கேதானே இருக்கிறது?

அந்தத் தூக்கம் சோம்பல் இல்லை. மூளை பார்க்கும் வைத்தியம். 2024இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதினார்கள். எலிக்கு மாரடைப்பு வந்ததும் மோனோசைட் என்னும் வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து மூளைக்குப் போய் ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்டுகின்றன. அந்தத் தூக்கத்தைக் கலைத்த எலிகளுக்கு இதயத்தில் அழற்சி கூடியது, இதயமும் மேலும் நலிந்தது.

"எலிக்கு நடந்ததை மனிதனுக்குச் சொல்லாதே" என்பீர்கள். அதே ஆய்வில் மனிதர்களையும் கவனித்திருக்கிறார்கள். மாரடைப்புக்குப் பிந்தைய வாரங்களில் சரியாகத் தூங்காதவர்கள் சரியாகத் தேறவில்லை. பூண்டுச் சாறு அடைப்பைக் கரைக்கும் என்று வந்த செய்தியை எந்த எலியையும் கேட்காமல் நம்பியவர்கள்தானே நீங்கள்?

"மயக்கமாக இருந்தால்?" நியாயமான கேள்வி. மூச்சைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாத்திரை நேரத்துக்கு எழுப்பினேன். நெஞ்சு வலிக்கும்போது படுத்து உறங்கச் சொல்லவில்லை. அப்போது ஓட வேண்டியது மருத்துவமனைக்கு. பகலில் தூங்கினால் ரத்தம் கெடும் என்ற மதினிக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை.

"அன்பாக வந்தவர்களை அவமானப்படுத்திவிட்டாய்." இதுதான் தைத்தது. அன்பா? சனிக்கிழமை நான் இல்லாத நேரத்தில் எழுப்பி என்ன பேசினீர்கள்? ஸ்டென்ட் வைத்த யாரோ ஒருவர் பதினாறாம் நாள் போய்ச் சேர்ந்த கதை. பிறகு ஆற்றங்கரை வயல் பாகம். பயமோ கோபமோ வந்தால் மூளை உடனே அட்ரினலினைச் சுரக்கவைக்கும். துடிப்பு ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், புண்பட்ட இதயம்தான் அந்தச் சுமையையும் இழுக்க வேண்டும். வயலை இரண்டு மாதம் கழித்துப் பேசினால் தாமிரபரணி வற்றிவிடுமா?

அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அவருக்கு நெஞ்சு வலிக்கவில்லை. இடது கையும் தாடையும்தான். இதயத்து நரம்பும் கை நரம்பும் தண்டுவடத்தில் ஒரே பகுதியில் போய்ச் சேர்வதால் மூளை இடம் தெரியாமல் தடுமாறும் என்பதை யார் கண்டோம்? பிடிப்பு என்று நல்லெண்ணெய் தேய்த்தோம். பிறகு வார்டில் அவர் தூங்கிக்கொண்டே இருந்தார். அம்மாவுக்குப் பயம். "ஒரு குரல் கொடுத்துப் பாரேன்" என்பாள். அரை மணிக்கு ஒருதரம் நான் தோளைத் தட்டுவேன். கண்ணைத் திறந்து, "கொஞ்சம் தூங்க விடேன் ஐயா" என்பார்.

ஒன்பதாம் நாள் போய்விட்டார். நான் தட்டியதால்தான் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பெரியப்பா மாலை ஐந்து மணிக்கு விழிப்பார். அப்போது வாருங்கள், இரண்டு இரண்டு பேராக. கருப்பட்டிக் காபி நானே போடுகிறேன். வயல் பேச்சு வேண்டாம்.